இதர என்று எழுதாதவர்

ஒரு பெண்மணி சாப்பிடப் போயிருந்த நேரம் பார்த்து அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, இல்லாத இருநூற்று நாற்பது கிலோ இரும்பை அவர் கணக்கில் ஏற்றிவைத்தவன் நான். சின்ன வயதுக் கோளாறு என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. அப்போது எனக்கு நாற்பத்தெட்டு வயது. கல்லூரியில் படிக்கும் மகள் இருந்தாள். சிறுபத்திரிகைகளில் பதினான்கு நகைச்சுவைக் கட்டுரைகள் எழுதியிருந்தேன். மனித மனத்தின் அற்பத்தனத்தைப் பற்றி மட்டும் அவற்றில் மூன்று.

காரணம் பொறாமை. அந்தப் பொறாமைக்கு என்ன காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். அவர் ‘இதர’ என்று எழுதமாட்டார்.

நான் வேலை பார்த்தது, இன்னும் பார்ப்பது, கோவையில் ஏற்றுமதிக்காரர்களுக்குச் சுங்கப் பத்திரம் தயாரித்துத் தரும் ஓர் அலுவலகத்தில். பம்ப்செட், கிரைண்டர், தென்னை நார்க் கட்டி, சென்னிமலைப் படுக்கை விரிப்பு, எது கப்பல் ஏறுவதாக இருந்தாலும் முதலில் எங்கள் மேஜையில் ஏறவேண்டும். என்ன பொருள், எத்தனை கிலோ, என்ன விலை, எந்த நாட்டுக்கு என்று நாங்கள் தட்டும் பத்திரத்துக்கு ஷிப்பிங் பில் என்று பெயர். அது சுங்கத்துறையின் கம்ப்யூட்டருக்குப் போகும். அங்கிருந்து கல்கத்தாவில் இருக்கும் புள்ளிவிவர அலுவலகத்துக்குப் போகும். நாடு முழுவதிலிருந்தும் வரும் இப்படிப்பட்ட பில்களைக் கூட்டித்தான் மாதாமாதம் ஏற்றுமதி உயர்ந்தது, ஏற்றுமதி சரிந்தது என்று செய்தி வாசிக்கிறார்கள். நிபுணர்கள் அந்த எண்ணை வைத்துக்கொண்டு டிவியில் அடித்துக்கொள்ளும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அதில் ஒரு துளி, டீ ஆறிவிடுமே என்று நான் அவசரமாகத் தட்டியது.

விற்கக்கூடிய எல்லாப் பொருளுக்கும் எட்டு இலக்கத்தில் ஓர் எண் உண்டு. உயிருள்ள குதிரையில் தொடங்கி ஓவியம், பழம்பொருள் வரை போகும் பட்டியல் அது. பட்டியல் போட்டவர்களும் மனிதர்கள்தானே, தலைப்புக்குத் தலைப்பு முடிவில் களைத்துப்போய் ஒரு வரி சேர்த்திருப்பார்கள். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ‘இதர’ என்று பெயர். மேலே சொன்ன எதிலும் சேராதவை எல்லாம் இதர. பொருள் என்னவென்று பார்க்கவே வேண்டாத ஒரே வரி அதுதான் என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை இருந்தது.

அலுவலகத்தில் எனக்கு ஒரு பதவியும் இருந்தது. ‘கடைசிப் பார்வை’. யார் தட்டிய பில்லானாலும் அனுப்புவதற்கு முன் ஒருவர் பார்த்துத் தலையாட்டவேண்டும். பதினோரு வருடமாக அந்தத் தலை என்னுடையது. ஜன்னலோரம் ஒரு சுழல் நாற்காலி, பக்கத்தில் எனக்கென்று ஒரு மின்விசிறி. இலக்கியத்தில் கிடைக்காத இருக்கை இதிலாவது கிடைத்ததே என்று உட்கார்ந்திருந்தேன்.

அந்தப் பெண்மணி கிணத்துக்கடவிலிருந்து பொள்ளாச்சி பஸ்ஸில் வந்து இறங்குவார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தென்னை நார்க் கம்பெனி ஒன்றில் எடை போடும் இடத்தில் பல வருடம் இருந்துவிட்டு எங்களிடம் வந்தவர். கையில் ஒரு மர அடிஸ்கேல் இருக்கும். கம்ப்யூட்டர் திரையில் அதை வரிக்கு வரி கீழே நகர்த்தி வைத்துப் படிப்பார். முதல் நாள் அதைப் பார்த்து நான் சிரித்தேன். ஓர் எழுத்தாளனுக்கு இலவசமாகக் கிடைத்த காட்சி என்று நினைத்தேன்.

அந்த வாரமே இடியாப்ப அச்சு வந்தது. வெளிநாட்டில் இருக்கும் நம்மூர்க் கடைகளுக்கு ஐந்நூறு இடியாப்ப அச்சுகள். நான் எப்போதும் போடுகிறபடி, இரும்புப் பாத்திரங்கள், இதர என்று போடச் சொன்னேன். அவர் ஸ்கேலைக் கீழே வைத்தார்.

“ஏனுங்க சார், இது கையில சுத்தறதுங்களா, அமுக்கறதுங்களா?”

“எதுக்குங்க அது?”

“வெயிட்டு பத்துக் கிலோவுக்குள்ளதானுங்களே?”

“இடியாப்ப அச்சு பத்துக் கிலோ இருந்தா அதைத் தூக்கறவங்களுக்கு இடியாப்பம் தேவைப்படாதுங்க, குளுக்கோஸ்தான் தேவைப்படும்.”

அவர் சிரிக்கவில்லை. மாதிரிக்கு வந்த அச்சை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார். மறுநாள் ஒரு தூக்குப்போசியோடு வந்தார். உள்ளே இடியாப்பம், தேங்காய்ப்பால். எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு விஷயத்துக்கு வந்தார். கையால் இயக்குகிற, பத்துக் கிலோவுக்கு உட்பட்ட, உணவு தயாரிக்கிற கருவிகளுக்கென்று பட்டியலில் தனியாக ஒரு தலைப்பே இருக்கிறது. பதினோரு வருடமாக இடியாப்ப அச்சு அங்கே தன் வீடு பூட்டிக்கிடக்க, என் தயவில் பாத்திரங்களோடு திண்டாடியிருக்கிறது.

“அம்மணி சொல்றது சரிதான். ஏன் எழுத்தாளரே, இத்தன நாளா இது உங்க கண்ணுல படலையா?” என்றார் முதலாளி, விரலை நக்கியபடி.

அந்த இடியாப்பம் நன்றாக இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

நாடு விஷயத்திலும் இப்படித்தான். தென்னை நார்க் கட்டிகள் ஐரோப்பாவுக்குப் போகும். கப்பல் நெதர்லாந்தில் நிற்கும் என்றால் நாங்கள் நெதர்லாந்து என்று போட்டுவிடுவோம். போன மாதத்துப் பில்லை நகல் எடுத்து எடையையும் விலையையும் மட்டும் மாற்றுவதுதான் எங்கள் தொழில் ரகசியம். நாடு தன்பாட்டில் வந்துவிடும். இவர் போனை எடுப்பார்.

“ஏனுங்க, எறங்கற எடம் கேக்கலீங்க, போய்ச் சேர்ற எடம் கேக்கறனுங்க. சரக்கு வாங்கறவரு எந்த ஊருங்க?... போலந்துங்களா? அதச் சொல்லுங்க.”

“நமக்கு என்னங்க? வரியா வட்டியா, எந்த நாடா இருந்தா என்ன?” என்று கேட்டேன்.

“ஊட்டிக்குப் போறவங்க எல்லாம் மேட்டுப்பாளையத்துல எறங்கித்தானுங்க வண்டி மாறறாங்க. அதுக்காவ அவங்கள மேட்டுப்பாளையத்து விருந்தாளின்னு எழுதுவீங்களா? போலந்துக்காரங்க இந்தியாவுல இருந்து வந்துச்சுன்னு அவங்க கணக்குல எழுதிருப்பாங்க. நாம அனுப்பவே இல்லைன்னு எழுதிருப்போம். ரெண்டு கவர்மென்ட்டும் உக்காந்து பொய் சொன்னது யாருன்னு தேடும்.”

தேடினால் என் நாற்காலிக்கு வந்து சேரும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாததும் எனக்குக் கேட்டது.

ரிப்பேருக்குத் திரும்பி வந்த பம்ப் ஒன்றைச் சரிசெய்து மறுபடி அனுப்பினார்கள். புது ஏற்றுமதி மாதிரியே பில் போடப் போனேன். “ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டு ஊட்டுக்கு வர்ற கொழந்தைய மறுக்கா பொறந்த கணக்குல சேத்துவீங்களா சார்?” என்றார். என் கட்டுரைகளில் ஒன்றில்கூட இப்படி ஒரு வரி எனக்கு வந்ததில்லை. வீட்டுக்குப் போய் அதை நோட்டில் எழுதிவைத்துக்கொண்டேன். பிறகு அவமானமாக இருந்ததால் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பிறகு, வரி வீணாகிறதே என்று ஒட்டிவைத்தேன்.

நிஜமாகவே பட்டியலில் இடமில்லாத பொருள்களும் வரும். தேங்காய்ச் சிரட்டையில் ஐஸ்கிரீம் கிண்ணம் செய்து அனுப்பினார் ஒருவர். இவர் இரண்டு நாள் பட்டியலைத் துழாவினார். இதரவைத் தவிர வேறு வழியில்லை. கடைசியில் பில்லை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தார்.

“எனக்குக் கை வரமாட்டேங்குதுங்க சார். நீங்களே போட்டுருங்க. உங்களுக்குப் பழக்கம்.”

இப்படியாக அலுவலகத்தின் இதர இலாகா முழுவதும் எனக்கு ஒதுக்கப்பட்டது. அதோடு நிற்கவும் மாட்டார். அன்று சாயங்காலமே டெல்லிக்கு ஒரு கடிதம் போகும். ‘சிரட்டைக் கிண்ணம் எங்கள் பகுதியிலிருந்து நிறையப் போகிறது. இதரவில் கிடப்பதால் எவ்வளவு போகிறது என்று யாருக்கும் தெரியவில்லை. இதற்குத் தனியாக ஓர் எண் தரவேண்டும்.’ அவருக்காக அதை ஆங்கிலத்தில் எழுதித் தந்தவன் நான்தான். மூன்று வருடத்தில் ஒன்பது கடிதங்கள். ஒரே ஒரு பதில் வந்தது: கடிதம் கிடைத்தது. “கெடச்சுதுன்னு எழுதிருக்காங்களே சார்” என்று பூரித்துப்போனார். என் கட்டுரைகளை அனுப்பினால் பத்திரிகைகள் அதைக்கூட எழுதுவதில்லை என்பதை நான் சொல்லிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். பொறுக்க முடியாமல் போனது அந்தக் கிரைண்டர் விஷயத்தில்.

எங்கோ கடலுக்கு நடுவில் ஒரு தீவு நாடு. அங்கே ஹோட்டல் வைத்திருந்த பல்லடத்துக்காரர் ஒருவருக்கு நான்கு கிரைண்டர்கள் போயின. பில் இவருடையது. இரண்டு மாதம் கழித்து, மற்றவர்கள் வாட்ஸ்அப் பார்க்கும் நேரத்தில், அரசாங்கம் வெளியிடும் வணிகப் புள்ளிவிவர அட்டவணையைத் திரையில் திறந்து ஸ்கேலை நகர்த்திக்கொண்டிருந்தார். திடீரென்று, “சார், கொஞ்சம் வாங்களேன்” என்றார்.

அந்த நாட்டின் பெயர். எதிரே கிரைண்டர். எண்ணிக்கை: நான்கு.

“வேற யாரும் அனுப்பலைங்க போல. இந்த வரி பூராவும் நம்மளுதுங்க சார்.”

அவர் ‘நம்மளுது’ என்றுதான் சொன்னார். அது எனக்கு உறைக்கவே இல்லை. இந்தியாவின் அதிகாரபூர்வமான அச்சில், கிணத்துக்கடவிலிருந்து பஸ்ஸில் வரும் ஒருவருக்கு முழுதாக ஒரு வரி இருக்கிறது. கல்கத்தாவில் படித்துப் பார்த்து, சரி என்று ஏற்று, உலகத்துக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்குப் பதினான்கு கட்டுரைகள். அவற்றைப் படித்தவர்களை அந்த அட்டவணையில் போட்டால் எண்ணிக்கை நான்கைத் தாண்டுமா என்று அன்று முழுவதும் யோசித்தேன். மனைவியைச் சேர்த்தால் தாண்டும். ஆனால் அவள் படித்தது என் கட்டாயத்தில்.

அதற்குப் பிறகு எதைப் பார்த்தாலும் எரிந்தது. ஏற்றுமதிக்காரர்கள் இளநீர்க் குலையை அவர் மேஜைக்கடியில் வைத்துவிட்டுப் போவது எரிந்தது. அதில் இரண்டை அவர் எனக்கு எடுத்துவைப்பது அதைவிட எரிந்தது.

ஆடி மாதம் முதலாளி சொன்னார்: “எழுத்தாளரே, உங்களுக்கும் கண்ணு டல்லாயிட்டு வருது. கடைசிப் பார்வைய அம்மணிகிட்டக் குடுத்துரலாமான்னு பாக்கறேன். ஆடி கழியட்டும், முடிவு பண்ணிக்கலாம்.” என் கண் நன்றாகத்தான் இருந்தது. அந்தக் கணத்தில் அவருக்குப் பின்னால் சுவரில் ஓடிய பல்லிக்கு எத்தனை விரல் என்றுகூடச் சொல்லியிருப்பேன்.

ஆடி முடிய ஐந்து நாள் இருந்தது. பம்ப்புக்கான இரும்பு வார்ப்புகள், மரப்பெட்டிகளில் அடைத்து ஒரு கன்டெய்னர். இரும்பைக் கிலோவில்தான் கணக்கிடவேண்டும். பெட்டியின் எடையைக் கழித்துவிட்டு வெறும் சரக்கின் எடையை மட்டும் எழுதவேண்டும். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் பெட்டியோடு சேர்த்து எழுதிவிட்டுத் திட்டு வாங்குவார்கள். இவரோ காலிப் பெட்டியை நேரில் போய் எடை போட்டு நோட்டில் குறித்துவைத்திருந்தார்: மொத்தம் இருநூற்று நாற்பது கிலோ. மத்தியானம் சாப்பிடப் போனார். எங்கள் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரே பாஸ்வேர்ட், முதலாளியின் குலதெய்வம். தெய்வத்தின் பெயரைத் தட்டி உள்ளே போனேன். எடையில் இருநூற்று நாற்பதைக் கூட்டினேன். வெளியே வந்தேன்.

நான்கு மணிக்கு அவர் கொய்யாப்பழத்தை நறுக்கி மிளகாய்த்தூள் தூவி ஒரு தட்டில் கொண்டுவந்தார். “எங்க தோட்டத்துதுங்க. கொட்டையில்லாத பக்கம் உங்களுக்கு. பல்லு வலின்னீங்களே.”

பல் வலியைப் பற்றி என் வீட்டில்கூட யாரும் கேட்கவில்லை. அவர் கை கழுவப் போன இரண்டு நிமிடத்தில், மறுபடி குலதெய்வம், மறுபடி அந்தக் கட்டம். ஏற்றியதை இறக்கிவிடலாம் என்று இருநூற்று நாற்பதைக் கழித்தேன். பதற்றத்தில் அங்கே இருப்பது நான் ஏற்றிவைத்த எண்தானா என்று பார்க்கத் தோன்றவில்லை. கழித்தது மட்டும் சரியாகக் கழித்தேன். எனக்குக் கணக்கு எப்போதும் வரும்.

எனக்குத் தெரியாதது ஒன்றுதான். சாப்பிட்டு வந்ததும் அவர் ஸ்கேலை வைத்து மறுபடி படித்திருக்கிறார்; ஏறியிருந்ததைப் பார்த்திருக்கிறார்; சத்தமில்லாமல் திருத்தியிருக்கிறார். சரியாக இருந்த எடையில்தான் என் மனசாட்சி கைவைத்தது. கடைசிப் பார்வைக்கு என்னிடம் வந்தபோது, இந்தப் பில்லைத் திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லாமல் தலையாட்டினேன். பில் போய்விட்டது.

மறுநாள் கன்டெய்னர் கிடங்கில் எடை இடித்தது. பெட்டியையும் கழித்துப் பார்த்தால்கூட, பில்லில் சொன்னதைவிட இரும்பு அதிகம். லாரி அரை நாள் நின்றது. கப்பல் தவறிவிடும் என்று ஏற்றுமதிக்காரர் போனில் கத்தினார். இவர் வெயிலில் பஸ் பிடித்துப் போய், அதிகாரி முன் நின்று, நோட்டைக் காட்டித் திருத்தி வாங்கிக்கொண்டு மூன்று மணிக்குத் திரும்பினார். கப்பல் தவறவில்லை. நேராக என் மேஜைக்கு வந்தார்.

“சார், ஒரு சந்தேகமுங்க.”

“சொல்லுங்க.”

“நேத்து மத்தியானம் இருநூத்தி நாப்பது ஏறியிருந்துச்சு. எறக்கிப்போட்டேன். சாயங்காலம் அதே இருநூத்தி நாப்பது மறுக்கா எறங்கியிருக்குது. ஒரு கிலோ பிசகல.”

“கம்ப்யூட்டர் கோளாறா இருக்குமுங்க.”

“இருக்கும். ஆனா கம்ப்யூட்டரு மனசு மாறுமுங்களா சார்?”

நான் மின்விசிறியைப் பார்த்தேன். “பல்லு தேவலைங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

எங்கள் அலுவலகத்தில் ஒரு பில் திருத்தப்பட்டால், திருத்தியவர் அரைத்தாள் படிவம் ஒன்றை நிரப்பவேண்டும். முதலாளியே யோசித்து அச்சடித்தது. தவறுக்குக் காரணம் என்ன? நான்கு கட்டங்கள். தட்டியவர் பிழை. ஏற்றுமதிக்காரர் தந்த தவறான தகவல். எடை மேடை வித்தியாசம். இதர. அவர் நிரப்பிய தாளை முதலாளி எல்லோர் முன்னாலும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தார்.

“என்ன அம்மணி இது? இதரன்னு டிக் போட்டிருக்கறீங்க?”

“ஆமாங்க.”

“நீங்களா?”

“நாந்தானுங்க.”

“இதரன்னா என்னன்னு சொல்லுங்க.”

“மேல இருக்கற மூணும் இல்லீங்க.”

“அப்ப யாரு பண்ணுனது?”

“அதுக்குக் கட்டம் இல்லீங்களே.”

முதலாளி என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரில் ஆடிப் பதினெட்டு என்றைக்கோ முடிந்துவிட்டது என்பதை முதல்முறையாகக் கவனிப்பவன்போலக் கவனித்தேன். அந்த இடத்தில் எழுந்து நின்று நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல் போதும். பதினான்கு கட்டுரை எழுதியவனுக்கு அது வரவில்லை.

“சரி, விடுங்க. ஆடியில இப்படி ஆயிப்போச்சு. எழுத்தாளரே, நீங்களே பாத்துக்கங்க போங்க” என்றார் முதலாளி.

நாற்காலி எனக்கே நிலைத்தது. அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் பில்கள் என்னிடம்தான் வந்தன. ஒவ்வொன்றையும், ஒரு தவறாவது இருந்துவிடாதா என்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ரகசியமாக ஒரு மர அடிஸ்கேல்கூட வாங்கினேன். ஒரு புள்ளி பிசகவில்லை. ஜெயித்த பிறகும் பொறாமை தீராது என்பது எந்தப் புத்தகத்திலும் நான் படிக்காதது. படித்திருந்தாலும் வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று பக்கத்தைத் திருப்பியிருப்பேன்.

பிறகு அவர் விலகிக்கொண்டு, கிணத்துக்கடவில் ஒரு மருந்துக்கடை மாடியில் தனியாக அலுவலகம் வைத்தார். எங்கள் தென்னை நார்க்காரர்கள் பாதிப் பேர் அங்கே போய்விட்டார்கள். மீதிப் பேர் எங்களுக்குப் போன் செய்து, “அந்தக்கா இருக்காங்களா?” என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். டெல்லிக்கு இன்னும் கடிதம் போகிறதாம். இப்போது ஆங்கிலத்தில் எழுதித் தருவது யார் என்று தெரியவில்லை. அந்த ஆளைப் பார்த்தும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இத்தனையையும் எழுதி முடித்து, போன ஞாயிற்றுக்கிழமை என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தாள். கடைசிப் பகுதி வந்தபோது தாளைக் கீழே வைத்தேன். “வாழ்க்கையில ஒருதடவைகூட இதரன்னு எழுதாத கை. எனக்காக, என்னக் காப்பாத்தறதுக்காக, ஒரே ஒருதடவை எழுதுச்சு” என்றேன்.

அவள் ஒரு காயைக் கிள்ளி, பூச்சி இருக்கிறதா என்று பார்த்து, பாத்திரத்தில் போட்டாள்.

“பின்ன? உங்களுக்குன்னு தனி நம்பரு கேட்டு டெல்லிக்கு லெட்டர் போடுவாங்களாக்கும்?”